இணையவழி நேர்காணலும் குழுக் கலந்துரையாடலும்: ஆய்வாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேரில் நடக்கும் நேர்காணலில் அறை ஆய்வாளர் வசம் இருக்கும். கதவைச் சாத்தலாம், நாற்காலியை நகர்த்திப் போடலாம், யாராவது எட்டிப் பார்த்தால் பேச்சை நிறுத்தலாம். இணையவழியில் அந்த அறை உங்களிடம் இல்லை. ஐந்து பேர் பேசினால் ஐந்து அறைகள். ஒவ்வொன்றிலும் வேறு யார் இருக்கிறார்கள், யார் காதில் என்ன விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இணையவழித் தரவுச் சேகரிப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஒப்புதல் படிவம், கேள்விகளின் வரிசை, கருவியின் அமைப்புகள், பதிவைச் சேமிக்கும் இடம் என எல்லா முடிவுகளையும் இதை மனதில் வைத்தே எடுக்க வேண்டியிருக்கும்.

ஜூமில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இந்த வேலையில் சிறு பங்கு. ஒரு மணி நேர உரையாடலுக்கு முன்னாலும் பின்னாலும் பல நாள் வேலை இருக்கிறது. எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் ஒரே ஆய்வை வைத்துக்கொள்வோம்: இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களின் உறக்கமும் குடும்ப வாழ்க்கையும்.

## படி 1: நேர்காணலா, குழுவா?

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆட்கள் கிடைப்பது கடினம், நேரமில்லை, ஆகவே ஆறு பேரை ஒன்றாகப் பேச வைத்துவிடலாம் என்று குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 நிமிடம், ஆறு பேர். உங்கள் அறிமுகம், கேள்விகள், இணையத் தடங்கல் எல்லாம் கழித்தால் ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் யாருடைய கதையும் முழுதாக வராது.

குழுவில் கிடைப்பது வேறொன்று. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். "எங்க வார்டில் அப்படி இல்லையே" என்று ஒருவர் திருத்துவார். ஒருவர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவர் மறந்துபோன ஒன்றை எடுப்பார். ஜென்னி கிட்ஸிங்கர் 1994-இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுவது இதை வலியுறுத்தியதால்தான்: பங்கேற்பாளர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே குழு முறையின் பலம். அது உங்கள் ஆய்வுக் கேள்விக்குத் தேவையில்லை என்றால் குழுவும் தேவையில்லை.

செவிலியர் ஆய்வில், பணி அட்டவணை எப்படிப் போடப்படுகிறது, யாருக்கு அடிக்கடி இரவுப் பணி விழுகிறது என்பதைக் குழுவில் கேட்கலாம். பேச்சு சூடு பிடிக்கும். பகலில் தூங்குவதால் வீட்டில் வரும் சண்டையைப் பற்றித் தனியாகத்தான் கேட்க வேண்டும். உடல்நலம், பணம், மேலதிகாரி மீதான குறை ஆகியவையும் அப்படியே. இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். முதலில் இரண்டு குழுக்கள், அவற்றில் மேலோட்டமாக வந்துபோன விஷயங்களை எடுத்துக்கொண்டு பிறகு தனி நேர்காணல்கள். நேரம் இருந்தால் நான் பரிந்துரைப்பது இந்த வரிசையைத்தான்.

குழு முறையின் தொடக்கத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1941-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் நடத்திய வானொலி ஆய்வைப் பார்க்கச் சக சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் போயிருந்தார். நிகழ்ச்சியைக் கேட்பவர்கள் பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொத்தானையும் பிடித்த இடத்தில் பச்சைப் பொத்தானையும் அழுத்த வேண்டும். பிறகு ஏன் அழுத்தினார்கள் என்று பேச வைப்பார்கள். எல்லாரும் சற்றுமுன் கேட்ட ஒரே பொருளைப் பற்றிய பேச்சு அது. இணையவழியிலும் இதைச் செய்யலாம்: ஒரு மாதப் பணி அட்டவணையைத் திரைப்பகிர்வில் காட்டி "இதைப் பார்த்ததும் என்ன தோன்றுகிறது?" என்று தொடங்கினால், பொதுவான கேள்விக்குக் கிடைக்காத பதில்கள் கிடைக்கும்.

அடுத்து வடிவம். வீடியோ அழைப்பு ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். தொலைபேசி போன்ற ஒலி அழைப்பில் முகம் காட்டத் தயங்குபவர்கள் மனம் திறப்பதுண்டு. தட்டச்சு செய்தே பேசிக்கொள்ளும் எழுத்துவழிக் குழுவில் எழுத்தாக்கம், அதாவது ஒலியைக் கேட்டு எழுதியெடுக்கும் வேலையே இல்லை. ஆனால் வேகமாகத் தட்டச்சு செய்பவர் கூட்டத்தை ஆள்வார். ஒரு வாரத்துக்கு ஒரு மூடிய பக்கத்தைத் திறந்து வைத்து, நாளுக்கு ஒரு கேள்வி போட்டு, அவரவர் வசதிப்படி பதில் எழுதச் சொல்லும் முறையும் இருக்கிறது. பணி நேரம் மாறிக்கொண்டே இருக்கும் செவிலியர் போன்றோரை ஒரே நேரத்தில் கூட்டுவது பெரும்பாடு என்பதால், அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

## படி 2: எத்தனை பேர்?

வழிகாட்டிப் பேராசிரியரும் தேர்வாளரும் தவறாமல் கேட்பது. 1967-இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த நிறைவுநிலை, அதாவது புதிய தரவு புதிதாக எதுவும் சொல்லாத கட்டம், பலரின் பதிலாக இருக்கிறது. அதை எண்ணில் பார்க்க முயன்ற ஆய்வுகளும் உண்டு. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் 60 நேர்காணல்களை அலசி, முதல் 12-க்குள் பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்றார்கள். ஹென்னிங்கும் சக ஆய்வாளர்களும் 2017-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: என்னென்ன விஷயங்கள் உள்ளன என்பது 9 நேர்காணல்களில் தெரிந்துவிடுகிறது, அவற்றின் பொருளை ஆழமாகப் புரிந்துகொள்ள 16 முதல் 24 வரை தேவைப்படுகிறது. குழுக்களைப் பொறுத்தவரை, கெஸ்ட், நேமி, மெக்கென்னா 2017-இல் 40 குழுக்களை ஆராய்ந்தபோது 80 சதவீதத்துக்கு மேற்பட்ட கருப்பொருள்கள் இரண்டு மூன்று குழுக்களிலேயே கிடைத்தன. 90 சதவீதம் மூன்று முதல் ஆறு குழுக்களுக்குள் வந்தன.

இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓரளவு ஒத்த பின்னணி கொண்டவர்களிடம், ஒரே கேள்வி வரிசையைக் கேட்டபோது கிடைத்த எண்கள் இவை. உங்கள் ஆய்வில் அரசு மருத்துவமனைச் செவிலியர், தனியார் மருத்துவமனைச் செவிலியர் என இரு பிரிவு இருந்தால், எண்ணிக்கையை ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். மால்ட்டெருட் குழுவினர் 2016-இல் சொன்ன தகவல் வலு என்ற கருத்தும் உதவும்: ஆய்வு நோக்கம் எவ்வளவு குறுகலோ, பங்கேற்பாளர் எவ்வளவு பொருத்தமானவரோ, உரையாடல் எவ்வளவு செறிவானதோ, அந்த அளவுக்குக் குறைந்த ஆட்கள் போதும். ஆய்வு முன்மொழிவில் ஒரு பிரிவுக்கு 12 முதல் 15 நேர்காணல் அல்லது மூன்று நான்கு குழு என்று எழுதி, தரவு வர வர முடிவெடுப்பதாகக் குறிப்பிட்டால் தேர்வாளர் முன் நிற்கலாம்.

ஒரு குழுவில் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. நேரில் ஆறு முதல் எட்டுப் பேர் என்பது வழக்கம். இணையவழியில் நான்கு அல்லது ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். திரையில் ஏழு கட்டங்கள் வந்துவிட்டால் பேச்சு கலந்துரையாடலாக இருக்காது. வகுப்பறை வருகைப்பதிவு மாதிரி ஒவ்வொருவராகப் பதில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்கள்.

## படி 3: நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒப்புதலும்

1964-இன் ஹெல்சிங்கி அறிக்கையும், மனிதர்மீதான மதிப்பு, நன்மை, நீதி என்ற மூன்று கொள்கைகளை வகுத்த 1979-இன் பெல்மான்ட் அறிக்கையும் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் பெரும்பாலானவற்றின் விதிகளுக்கு அடியில் இருப்பவை. அனுமதி வருமுன் ஒருவரைக்கூடப் பேட்டி எடுக்காதீர்கள், 'சும்மா ஒரு முன்னோட்டம்' என்றாலும். பின்னால் வாங்கிய அனுமதி முன்னால் எடுத்த தரவுக்குப் பொருந்தாது. பங்கேற்பாளர் வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டுத் தரவுச் சட்டமும் குறுக்கே வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

வழக்கமான ஒப்புதல் படிவத்தில் இல்லாத சில விஷயங்களை இணையவழி ஆய்வுக்காகச் சேர்க்க வேண்டும்:

- பதிவு ஒலி மட்டுமா, படமும் சேர்த்தா, எந்தக் கணினியில், எவ்வளவு காலம் இருக்கும், யார் கேட்பார்கள்.
- உரையாடல் எந்த நிறுவனத்தின் சேவை வழியாக நடக்கிறது, அதன் சேவையகத்தில் ஏதாவது தங்குமா.
- தானியங்கி எழுத்தாக்கம் பயன்படுத்துகிறீர்களா, எந்தக் கருவி.
- இணைப்பு அறுந்தால் என்ன செய்வீர்கள்; திரும்ப வராதவரை விலகியவராகக் கொள்வீர்களா, மறுபடி அழைப்பீர்களா.
- கேமராவை அணைத்து வைக்கலாமா. (வைக்கலாம் என்றே எழுதுங்கள்.)

குழுவுக்கு இன்னும் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம். முதலாவது, ரகசியத்துக்கு நீங்கள் மட்டும் உத்தரவாதம் தர முடியாது. மற்றவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள், திரையைப் படம் பிடிக்கமாட்டார்கள் என்று நீங்கள் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். "உங்கள் பேச்சு முழுக்க ரகசியமாக இருக்கும்" என்று குழுவின் படிவத்தில் எழுதுவது பொய் வாக்குறுதி. இரண்டாவது, விலகுவது பற்றியது. தனி நேர்காணல் கொடுத்தவர் விலகினால் அவருடைய கோப்பை அழித்துவிடலாம். குழுவிலிருந்து ஒருவரை உருவி எடுத்தால் மற்றவர்கள் அவருக்குச் சொன்ன பதில் அந்தரத்தில் நிற்கும். எனவே, விலகியவரின் சொற்களை மேற்கோள் காட்டமாட்டோம், ஆனால் எழுத்துப்படியிலிருந்து முழுதாக நீக்க இயலாமல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விலகுவதற்குக் கடைசித் தேதியும் குறிப்பிடுங்கள்.

கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்வது பலருக்குத் தொல்லை. நெறிமுறைக் குழு ஒத்துக்கொண்டால் வாய்வழி ஒப்புதலைப் பதிவு செய்யலாம். ஒன்று கவனியுங்கள்: ஒப்புதலைத் தனிக் கோப்பாகப் பதிவு செய்து நிறுத்திவிட்டு, உரையாடலுக்குப் புதிய பதிவைத் தொடங்குங்கள். முழுப்பெயர் ஒப்புதல் கோப்போடு நின்றுவிடும். ஆய்வுத் தரவில் ஏறாது.

## படி 4: கருவியும் அமைப்புகளும்

உங்கள் பல்கலைக்கழகம் கட்டணம் செலுத்தி வைத்திருக்கும் சேவை எதுவோ அதுவே பெரும்பாலும் சரியான தேர்வு. ஒப்பந்தமும் தரவுப் பாதுகாப்புப் பொறுப்பும் நிறுவனத்தின் தலையில் இருக்கும். சொந்தச் சேவையகம் வைக்க வசதியிருந்தால் ஜிட்சி மீட், பிக்புளூபட்டன் ஆகிய திறமூலக் கருவிகள் உள்ளன. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது திரை அணைந்துபோவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கணக்கை ஆய்வுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஜூமில் சரிபார்க்க வேண்டியவை: காத்திருப்பு அறை இயங்க வேண்டும். பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் தனிச் செய்தி அனுப்பும் வசதி அணைந்திருக்க வேண்டும். பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். நுழைந்ததும் புனைபெயருக்கு மாறச் சொல்லலாம். பதிவு மேகக் கணினியில் அல்லாமல் உங்கள் கணினியிலேயே சேமிக்கப்பட வேண்டும். ஒவ்வொருவரின் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்யும் தேர்வு ஒன்று அமைப்புகளில் இருக்கிறது. குழு நடத்துபவர் இதைத் தவறவிடக் கூடாது; இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் எழுத்தாக்கத்தைக் காப்பாற்றுவது அதுதான். முனைக்கு முனை குறியாக்கத்தை (சேவை நிறுவனம்கூட உரையாடலைக் கேட்க முடியாதபடி பூட்டும் வசதியை) இயக்கினால் மேகப் பதிவு, நேரடி எழுத்தாக்கம், தொலைபேசி வழியாக இணைவது ஆகியவை கிடைக்காது. உணர்வுபூர்வமான தலைப்பு என்றால் அந்த இழப்பு தகும்.

அண்மைக்காலத் தொல்லை ஒன்று: குறிப்பெடுக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள். பங்கேற்பாளர் தன் அலுவலகக் கணக்கில் நுழைந்தால் அவர் அறியாமலேயே ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) கூடவே வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். காத்திருப்பு அறையிலேயே அதை நிறுத்துங்கள்.

## படி 5: பங்கேற்பாளர்களைத் திரட்டுதல்

சமூக ஊடகத்தில் பொது அறிவிப்பு போட்டு அன்பளிப்பும் உண்டு என்று எழுதினால் போலிகள் வருவார்கள். சில ஆண்டுகளாக, மக்களின் பேச்சையே தரவாகக் கொள்ளும் பண்புசார் ஆய்வாளர்கள் பலர் இதைப் பதிவு செய்துவருகிறார்கள். சில மணி நேரத்தில் ஒரே நடையில் எழுதப்பட்ட பல மின்னஞ்சல்கள், அன்பளிப்பு எப்போது வரும் என்ற முதல் கேள்வி, கேமராவை ஒரு நொடிகூடத் திறக்க மறுப்பது, எந்த விவரமும் இல்லாத வழவழப்பான பதில்கள் ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் முடிவுகட்டாதீர்கள். உண்மையான ஏழைப் பங்கேற்பாளரும் பணம் எப்போது என்று கேட்பார். பத்து நிமிட முன்னுரையாடல் ஒன்று வைத்து, அந்தத் தொழிலில் இருப்பவருக்கு மட்டும் இயல்பாகத் தெரிந்த ஒன்றைப் பேச்சுவாக்கில் கேட்டால் போதும். பணி ஒப்படைப்பு நேரத்தில் என்ன நடக்கும் என்று ஒரு செவிலியரைக் கேட்டால் தயங்காமல் கொட்டுவார்.

அந்த முன்னுரையாடலுக்கு இன்னும் பயன்கள் உண்டு. ஒலிவாங்கி வேலை செய்கிறதா, தனியாகப் பேச இடம் இருக்கிறதா, எந்த நேரம் வீடு அமைதியாக இருக்கும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். இணையம் சரியாக இல்லாதவர்களைக் கழித்துவிட்டால் உங்கள் பங்கேற்பாளர் தொகுதியே வசதியானவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். அவர்களுக்குத் தொலைபேசி நேர்காணலை மாற்றாகக் கொடுங்கள். டேட்டாச் செலவை ஈடுகட்டுங்கள்.

குழுவுக்கு ஐந்து பேர் வேண்டுமென்றால் ஏழு பேருக்கு அழைப்பு அனுப்புங்கள்; இணையவழியில் கடைசி நேரத்தில் வராமல்போவது எளிது. ஒரே குழுவில் தலைமைச் செவிலியரையும் அவர் கீழ் வேலை பார்ப்பவரையும் சேர்க்காதீர்கள். லிங்க் அனுப்பும்போது எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி ஒரே மின்னஞ்சலில் அனுப்பினால், தொடங்குமுன்பே ரகசியம் போயிற்று.

## படி 6: கேள்வி வழிகாட்டி

60 நிமிட நேர்காணலுக்கு எட்டு முதல் பத்துக் கேள்விகள். 90 நிமிடக் குழுவுக்கு ஐந்து அல்லது ஆறு. அதற்கு மேல் எழுதினால் பாதியைக் கேட்கமாட்டீர்கள், அல்லது கேட்டு முடிக்கும் அவசரத்தில் பதிலைக் கேட்கமாட்டீர்கள்.

எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒன்றில் தொடங்கி, மெல்ல மையக் கேள்விக்கு வந்து, பேச்சின் கனத்தைக் குறைத்து இறக்கும் கேள்வியோடு முடியுங்கள். நடந்ததைக் கேளுங்கள். "இரவுப் பணி உங்கள் உறக்கத்தைப் பாதிக்கிறதா?" என்றால் "ஆமாம், ரொம்ப" என்று வரும். "கடைசியாக இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போன நாளைச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை என்ன நடந்தது?" என்று கேட்டால் ஒரு காலை நேரமே விரியும். 'ஏன்' என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள். திரை வழியாக அது விசாரணை போல ஒலிக்கிறது. "அப்படி முடிவெடுக்க என்ன காரணமாக இருந்தது?" என்பது அதே கேள்விதான், மிரட்டல் இல்லாமல்.

கடைசிக் கேள்வியாக "நான் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?" என்பதை எப்போதும் வையுங்கள். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியும் வையுங்கள்.

வழிகாட்டி தயாரானதும் ஆய்வில் சேராத ஒருவரிடம் முழுதாக ஓட்டிப் பாருங்கள், பதிவு உட்பட. எந்தக் கேள்விக்குத் திரும்ப விளக்கம் கேட்டாரோ அதை மாற்றுங்கள்.

## படி 7: அந்த ஒரு மணி நேரம்

குழு என்றால் இருவர் தேவை. நெறியாளர் பேச்சைக் கவனிக்க, உதவியாளர் காத்திருப்பு அறை, பதிவு, சாட், அறுந்துபோனவரைத் தொலைபேசியில் திரும்ப அழைப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வார். ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும். இருவரும் கால் மணி நேரம் முன்பே உள்ளே இருங்கள்.

தொடக்க உரை இப்படி இருக்கலாம்: "வந்ததற்கு நன்றி. இதில் சரியான பதில், தவறான பதில் எதுவும் இல்லை. ஒருவர் சொல்வதோடு மற்றவர் ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை. மாறுபட்டால் அதைத்தான் கேட்க விரும்புகிறேன். இங்கே கேட்டதை வெளியே சொல்ல வேண்டாம், திரையைப் படம் எடுக்க வேண்டாம். கேமரா உங்கள் விருப்பம். முடிந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பேசுவது உங்கள் வீட்டில் கேட்காமல் இருக்கும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் வெளியேறலாம். இப்போது பதிவைத் தொடங்கலாமா?" ஒவ்வொருவரும் சரி என்ற பிறகே பதிவு.

உணர்வுபூர்வமான தலைப்பில் தனி நேர்காணல் எடுப்பவர்கள் ஒரு சங்கேதச் சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அறைக்குள் வந்தால் பங்கேற்பாளர் அந்தச் சொல்லைச் சொல்வார். நீங்கள் உடனே சாதாரணக் கேள்விக்கு மாறிவிட வேண்டும். வீட்டு வன்முறை போன்ற ஆய்வுகளில் இது உயிர்ப் பாதுகாப்பு விஷயம். வன்முறை செய்பவர் அதே வீட்டில் இருக்கிறார், பாதுகாப்பான நேரமே கிடையாது என்றால் இணையவழி நேர்காணலைக் கைவிடுங்கள்.

இனி மௌனம். பத்து மொழிகளை ஒப்பிட்டு ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிநொடி. குரல் மறுபக்கம் போய்ச் சேரும் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. போக, வர என இரண்டு பக்கமும் சேர்த்தால் நல்ல இணைப்பில்கூடத் தாமதம் அந்த இயல்பான இடைவெளியை விழுங்கிவிடும். ஒரே நேரத்தில் இருவர் தொடங்குவதும், "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று இழுப்பதும், பிறகு யாருமே பேசாமல் இருப்பதும் இதனால்தான். பங்கேற்பாளர் தயங்குகிறார் என்று தப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நேரில் மூன்று எண்ணுவது போதுமென்றால் இங்கே ஐந்து. "ம்ம்", "அப்படியா" என்று ஒலியால் ஆமோதிப்பதையும் விட்டுவிடுங்கள். பல கருவிகளில் உங்கள் குரல் நுழைந்ததும் எதிர்ப்பக்க ஒலி மங்கிவிடும். பதிவில் அவருடைய முக்கியமான சொல் காணாமல்போகும். தலையாட்டுங்கள், முகத்தில் காட்டுங்கள்.

குழுவில் பேச்சு தானாக ஓடாது. கண்ணால் ஜாடை காட்டி ஒருவரை அழைக்க முடியாது. திரையில் யாரைப் பார்த்தாலும் எல்லாரையும் பார்ப்பது போலத்தான். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஆனால் வரிசையாக அழைத்தால் பேச்சு மறுபடி வருகைப்பதிவாகிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொடுங்கள்: "மல்லிகை, பகலில் தூங்கினால் சோம்பேறி என்கிறார்கள் என்று தாமரை சொன்னார். உங்கள் வீட்டில் எப்படி?" (இவை புனைபெயர்கள்.) ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவர் மூச்சு விடும் இடத்தில் நன்றி சொல்லி வேறொருவர் பெயரை அழையுங்கள். அவரை மியூட் செய்வது வன்மையான செயல். பிறகு யாருமே மனம் திறக்கமாட்டார்கள்.

சாட் பெட்டியை முழுக்க மூடிவிடாதீர்கள். நெறியாளருக்கு மட்டும் எழுதலாம் என்று வைத்தால், கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர் அதில் எழுதுவார். அந்த எழுத்தும் தரவுதான் என்பதை ஒப்புதலில் சேர்த்திருக்க வேண்டும்.

நேரத்தை நீட்டாதீர்கள். வீடியோ அழைப்புக் களைப்புக்கு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் இடைவிடாது பார்க்கும் கண்கள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசைய முடியாமை, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை படும் கூடுதல் பாடு. தன் படத்தைத் தன் திரையில் மட்டும் மறைக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுத்தால் இரண்டாவது காரணம் போய்விடும். குழு 75 நிமிடத்தைத் தாண்டினால் ஐந்து நிமிட இடைவேளை விடுங்கள்.

யாராவது உடைந்து அழுதால் முதலில் பதிவை நிறுத்துங்கள். தொடரலாமா, பிறகு பேசலாமா, நிறுத்திவிடலாமா என்று அவரே முடிவு செய்யட்டும். குழு என்றால் உதவியாளர் அவரைக் கருவியிலேயே உள்ள தனி இணைய அறைக்கு அழைத்துச் செல்லலாம். நேரில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பீர்கள். திரைக்கு இந்தப் பக்கமிருந்து அதுவும் முடியாது. எனவே அவர் இருக்கும் பகுதியில் இயங்கும் உளவியல் உதவி எண்களைத் திரட்டி ஆய்வுக்கு முன்பே கையில் வைத்திருங்கள். மறுநாள் ஒருமுறை நலம் விசாரியுங்கள்.

## படி 8: அணைத்த உடனே

அழைப்பு முடிந்த அரை மணி நேரத்தில் குறிப்பெழுதுங்கள். எது எதிர்பாராதது, எங்கே குரல் மாறியது, எந்தக் கேள்வி வேலை செய்யவில்லை, பின்னணியில் யார் இருந்தார்கள், எத்தனை முறை அறுந்தது. அடுத்தடுத்து மூன்று நேர்காணல் வைப்பவர்களுக்கு இது நடக்காது. ஒரு நாளைக்கு இரண்டு போதும்.

கோப்பின் பெயரில் மனிதப் பெயர் வேண்டாம். ஒரு குறியீட்டெண் போதும். எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியல் வேறொரு இடத்தில், குறியாக்கம் செய்யப்பட்ட கோப்பில் இருக்கட்டும். அதற்கு வெராகிரிப்ட் போன்ற திறமூல மென்பொருள் உண்டு. பகுப்பாய்வுக்குப் படம் தேவையில்லை என்றால் ஒலி சரியாக இருப்பதை உறுதிசெய்துவிட்டு வீடியோவை அன்றே அழித்துவிடுங்கள். முகமும் வீட்டுச் சுவரும் தெரியும் கோப்பை எந்தப் புனைபெயராலும் மறைக்க முடியாது.

## படி 9: எழுத்தாக்கம்

ஒரு மணி நேர நேர்காணலைக் கையால் எழுதி எடுக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். குழுவென்றால் இன்னும் அதிகம். ஆய்வுக் கால அட்டவணையில் இதைச் சேர்க்காதவர்கள்தான் கடைசி மாதத்தில் திணறுகிறார்கள்.

தானியங்கிக் கருவிகள் முதல் வரைவுக்கு உதவும். ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பரை உங்கள் கணினியிலேயே இணையம் இல்லாமல் ஓட்டலாம். ஒலி வெளியே போகாது. நம்பிவிடவும் கூடாது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் எழுதியதில் ஏறத்தாழ 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத சொற்றொடர்கள் முளைத்திருந்ததைக் கண்டது. பேச்சின் நடுவே நீண்ட மௌனம் உள்ளவர்களின் பதிவுகளில் இது கூடுதல். நேர்காணலில் மௌனம் விழும் இடங்கள்தான் பெரும்பாலும் கனமான இடங்கள். கருவி அங்கேதான் கதை கட்டுகிறது. ஆகவே வரைவை வைத்துக்கொண்டு முழு ஒலியையும் ஒருமுறை கேட்டுத் திருத்துவது தவிர்க்க முடியாத வேலை.

பேச்சுவழக்கை எழுத்து நடைக்கு மாற்றிவிடாதீர்கள். "தூக்கமே வரல" என்றவரை "உறக்கம் வரவில்லை" என்று எழுதினால் அவர் பேசியதாகவே இருக்காது. தயக்கம், சிரிப்பு, இடைவெளி ஆகியவற்றை எளிய அடையாளங்களால் குறியுங்கள். இணைப்பால் வந்த இடைவெளிக்கு வேறு அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது இரண்டையும் பிரிக்க முடியாது.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ஒரு சிறிய மருத்துவமனையில் இருபது ஆண்டு இரவுப் பணி பார்த்த ஒரே ஆண் செவிலியர் என்றால் சக ஊழியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆண்டை 'பல ஆண்டுகள்' என்றும், பிரிவைப் பொதுவாகவும் மாற்றுங்கள். எங்கே மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள்.

## படி 10: பகுப்பாய்வும் அறிக்கையும்

எல்லா நேர்காணலும் முடிந்த பிறகுதான் படிக்கத் தொடங்குவது என்று இருக்காதீர்கள். மூன்றாவது எழுத்துப்படியிலேயே குறியிடத் தொடங்கினால், அதாவது வரிகளின் பொருளைச் சுட்டும் சிறு பெயர்களை இடத் தொடங்கினால், நான்காவது நேர்காணலில் என்ன துருவ வேண்டும் என்று தெரியும். பிரவுனும் கிளார்க்கும் 2006-இல் வகுத்த கருப்பொருள் பகுப்பாய்வைப் பலர் பின்பற்றுகிறார்கள். அவர்களே பின்னர் அதை மறுசீரமைத்து, நிறைவுநிலை அதற்குச் சரியாகப் பொருந்தாது என்றும் வாதிட்டிருப்பதால், 2006 கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு நிறைவுநிலை பற்றிப் பெருமையாக எழுதினால் விவரமறிந்த தேர்வாளர் பிடித்துக்கொள்வார். மென்பொருளுக்கு என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ ஆகியவை பணம் கட்டிப் பெறுபவை. டாகெட், குவால்கோடர் ஆகியவை இலவசம். முனைவர் பட்ட ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

குழுத் தரவில் ஒருவர் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டாதீர்கள். முன்னால் யார் என்ன சொன்னார், பின்னால் யார் மறுத்தார் என்ற மூன்று நான்கு வரிகளையும் சேர்த்துக் காட்டுங்கள். "ஐந்தில் மூன்று பேர் ஒத்துக்கொண்டனர்" என்று எண்ணிக்கை போடுவதும் வேண்டாம். மௌனமாக இருந்த இருவர் ஒத்துக்கொண்டார்களா, மறுத்தார்களா, அவர்களுடைய இணைப்பு அறுந்திருந்ததா என்பது அந்த எண்ணில் இல்லை.

அறிக்கை எழுதும்போது டாங், செயின்ஸ்பரி, கிரெய்க் 2007-இல் வெளியிட்ட கோரெக் பட்டியலை, அதாவது நேர்காணல், குழு ஆய்வு அறிக்கையில் இருக்க வேண்டியவற்றின் பட்டியலை, வரிக்கு வரி சரிபாருங்கள். 32 கூறுகள் கொண்டது. அதில் இடம்பெறாத இணையவழி விவரங்களை நீங்களாகச் சேருங்கள்: எந்தக் கருவி, எத்தனை பேர் கேமராவை அணைத்திருந்தனர், எத்தனை பேர் தொழில்நுட்பக் காரணத்தால் விலகினர், எத்தனை பேர் தொலைபேசிக்கு மாறினர், போலி என்று எத்தனை பேரை எந்த அடிப்படையில் நீக்கினீர்கள். இணையம் இல்லாததால் உங்கள் ஆய்வுக்குள் வரவே முடியாதவர்கள் யார் என்பதையும் வரம்புகள் பகுதியில் ஒரு பத்தியாக எழுதுங்கள்.

கடைசியாக இரண்டு தேதிகள் பாக்கி. முடிவுகளின் சுருக்கத்தை, துறைச் சொற்கள் இல்லாமல் இரண்டு பக்கத்தில், பங்கேற்பாளர்களுக்கு அனுப்பும் தேதி ஒன்று. ஒப்புதல் படிவத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்தபடி ஒலிப்பதிவை அழிக்கும் தேதி மற்றொன்று. இரண்டையும் முதல் நேர்காணல் எடுக்கும் நாளிலேயே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அழிக்கும்போது மடிக்கணினி, பென்டிரைவ், தானாகப் பிரதியெடுக்கும் மேகச் சேமிப்பு, உதவியாளரின் கணினி என நான்கு இடங்களிலும் பாருங்கள்.